நியூ இங்கிலாந்தின் முதல் குடியேறி ஒருவரின் வம்சாவளியைத் தேடுவது எப்படி?

1620-க்கும் 1640-க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில், இன்று மாசசூசெட்ஸ், கனெக்டிகட் என்று அழைக்கப்படும் பகுதிகளில் குடியேறினார்கள். பெரும்பாலோர் மனைவி மக்களோடு, சில சமயம் தங்கள் போதகரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டே வந்தவர்கள். போன இடத்தில் நகரச் சபை அமைத்து, நிலம் பங்கிட்டு, பிறப்பு இறப்பு முதல் பன்றி அடுத்தவன் தோட்டத்தில் புகுந்த வழக்கு வரை எழுதி வைத்தார்கள். அதனால்தான் நானூறு ஆண்டு பழைய ஒரு சாதாரண விவசாயியின் குடும்பத்தை இன்றும் தேடிப் பிடிக்க முடிகிறது. வம்சாவளி ஆய்வுக்குப் புதியவர்கள், அமெரிக்கக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்கள், காலனிய வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் முறை ஒன்றுதான்.

அடிப்படை விதி: இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1635-இல் வந்த பிரபலமான ஒருவரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி உங்கள் குடும்பத்தோடு ஒட்டவைக்கப் பார்த்தால், பெயர் ஒத்துப்போகிற யாரோ ஒருவர் நிச்சயம் கிடைப்பார். பெயர் ஒத்துப்போவது சான்று ஆகாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் "இவர் இன்னாருடைய பிள்ளை" என்று காட்டும் ஆவணம் வேண்டும். இல்லையென்றால், பல ஆவணங்களைக் கோத்து வேறு யாராகவும் இருக்க முடியாது என்று நிறுவ வேண்டும்.

முதல் படி: 1850 வரை

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் தொடங்கியது. தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் பூட்டி வைக்கப்படுவதால், இப்போதைக்கு 1950 கணக்கெடுப்புதான் பார்க்கக் கிடைப்பவற்றில் கடைசி. அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டுகளாக இறங்குங்கள். 1880 முதல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்ற விவரம் இருக்கும். 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப் பின் இல்லாமல் போனது. அந்த இருபது ஆண்டு ஓட்டையை நகரப் பெயர்ப்பட்டியல்கள், வரி ஏடுகள் கொண்டு அடைக்க வேண்டும். 1850-இல் வீட்டிலுள்ள சுதந்திர மனிதர்கள் எல்லாருடைய பெயரும் உண்டு. அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு 1850, 1860 இரண்டிலும் தனி ஏடு. அதில் பொதுவாகப் பெயரே கிடையாது, வயதும் பாலினமும்தான். 1840-லும் அதற்கு முன்பும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை.

பலர் 17-ஆம் நூற்றாண்டுதான் கடினம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஆய்வு அறுந்துபோவது பெரும்பாலும் 1780–1850 இடைவெளியில்தான். மாசசூசெட்ஸில் நிலம் போதாமல் குடும்பங்கள் வெர்மான்ட், நியூயார்க், ஒஹையோ என்று மேற்கே நகர்ந்த காலம் அது. நியூயார்க் மாநிலத்தில் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காகத் தொடங்கியதே 1880-ஐ ஒட்டித்தான். இந்த இடைவெளியைத் தாண்ட மிக உதவுவது அமெரிக்க விடுதலைக்கு நடந்த புரட்சிப் போரின் ஓய்வூதியக் கோப்பு. 1818, 1832 சட்டங்களின்கீழ் முன்னாள் வீரர்களும், 1836 சட்டத்தின்கீழ் விதவைகளும் விண்ணப்பித்தார்கள். விதவை தன் திருமணத்தை நிரூபித்தாக வேண்டும். அதற்காகக் குடும்ப பைபிளில் பிள்ளைகள் பிறந்த தேதி எழுதியிருந்த பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு. அந்தக் கோப்புகள் வாஷிங்டனிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு உரியவை. படிமங்கள் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் ஆள் போருக்குப் போகாவிட்டாலும், அண்ணன் தம்பி, மைத்துனன் கோப்புகளையும் திறந்து பாருங்கள்.

இரண்டாம் படி: நகரப் பதிவேடுகள்

மாசசூசெட்ஸில் மாநில அளவிலான பதிவு 1841-இல் தொடங்கியது. அதற்கு முன்பு நகர எழுத்தர் எழுதிய ஏடுகளே ஆதாரம். பல நகரங்களுக்கு 1850 வரையிலான பிறப்பு, திருமணம், இறப்பை அகரவரிசையில் அச்சிட்ட தொகுதிகள் உண்டு. கனெக்டிகட்டுக்கு இதே வேலையைச் செய்வது பார்பர் தொகுப்பு. எழுதத் தொடங்க இவை போதும், முடிக்கப் போதாது. அகரவரிசையில் மாற்றி அடுக்கும்போது மூல ஏட்டில் அடுத்தடுத்து இருந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் சிதறிப்போகிறார்கள். எழுத்தரே பின்னாளில் மொத்தமாக எழுதியதா, அவ்வப்போது எழுதியதா என்பது மூலத்தைப் பார்த்தால்தான் தெரியும். அச்சில் கண்டதை மூலப் படிமத்தோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்த தலைமுறைக்குப் போங்கள்.

தேவாலயத் திருமணப் பதிவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே குடியேறிய கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களுக்குத் திருமணம் சமய விஷயமல்ல; 1680-கள் வரை நீதிபதி முன்னிலையில்தான் நடந்தது. தேவாலய ஏட்டில் கிடைப்பது ஞானஸ்நானமும் சபையில் சேர்ந்த தேதியும். ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதி என்று எழுதிவிடாதீர்கள். பெற்றோர் சபையில் சேர்ந்த வாரத்திலேயே நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒன்றாக ஞானஸ்நானம் நடந்திருக்கும். அவர்கள் இரட்டையர் கூட்டமல்ல.

இலவசமாகத் தொடங்க ஃபேமிலிசர்ச் தளம் போதும். கணக்கு திறந்தால் சரி. சில படிமங்கள் பூட்டியிருக்கும். அந்த அமைப்பின் மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோ போய்த்தான் பார்க்க முடியும். கையெழுத்துப் பத்திரங்களைக் கணினியே படித்து, உள்ளே வரும் எந்தப் பெயரையும் தேடித் தரும் முழுவாசகத் தேடல் வசதியும் அங்கே 2024 முதல் இருக்கிறது. அட்டவணையில் வராத சாட்சிகள், பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் இதில் மாட்டுவார்கள். கட்டணத் தளங்களில் முதலில் பணம் போடத் தகுந்தது பாஸ்டனில் 1845-இல் நிறுவப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தின் அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ். 1620 முதல் வந்த குடியேறிகளை ஒவ்வொருவராக எடுத்து ஆராயும் அவர்களுடைய 'கிரேட் மைக்ரேஷன்' திட்டம் 1988-இல் தொடங்கியது. உங்கள் ஆள் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எது தெரியவில்லை என்பதையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருப்பார்கள்.

தேதியில் விழும் இடம்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 1752 வரை இங்கிலாந்தும் அதன் காலனிகளும் ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன. ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. மாதங்களை எண்ணால் எழுதும் வழக்கமும் இருந்தது. அதில் மார்ச்தான் முதல் மாதம். "1640, 12-ஆம் மாதம், 5" என்று ஏட்டில் கண்டால் அது நம் கணக்கில் 1641 பிப்ரவரி 5. இதைத்தான் 1640/41 என்று இரட்டை ஆண்டாக எழுதுகிறார்கள்.

தகப்பன் 1640 ஜூனில் இறந்தார், பிள்ளை 1640 ஜனவரியில் பிறந்தது என்று ஏடு சொல்வதாக வையுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தகப்பன் பிள்ளையைப் பார்த்துவிட்டு இறந்ததுபோல் இருக்கும். உண்மையில் பிள்ளை பிறந்தது அவர் இறந்து ஏழு மாதம் கழித்து. உயிலில் ஏன் அந்தப் பிள்ளை பெயர் இல்லை என்ற கேள்வியும் இதோடு தீர்ந்துபோகும்.

மூலத்தில் உள்ளதை உள்ளபடி குறித்துக்கொண்டு, பக்கத்தில் இரட்டை ஆண்டை எழுதுங்கள். பத்து நாளோ பதினொரு நாளோ கூட்டிப் புதிய நாட்காட்டிக்கு மாற்ற வேண்டாம். ஒருவர் மாற்றியதை இன்னொருவர் தெரியாமல் மறுபடி மாற்றிய பதிவுகள் இணையத்தில் நிறைய.

சொற்களும் பட்டங்களும்

சீனியர், ஜூனியர் என்றால் அப்பா மகன் என்று எடுக்காதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர். சித்தப்பா மகனாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். அதாவது 1660-இன் ஜூனியரும் 1680-இன் சீனியரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும். 'கசின்' என்ற சொல் அண்ணன் மகனையும் அக்காள் மகளையும் குறித்தது. 'ஃபாதர் இன் லா' மாமனாராக இருக்கலாம், தாயின் இரண்டாம் கணவராகவும் இருக்கலாம். உயிலில் 'என் இப்போதைய மனைவி' என்று வந்தால் முதல் மனைவி ஒருத்தி இருந்தாள் என்று முடிவுகட்டாதீர்கள்; அது வக்கீல் பாஷை. 'மிஸ்டர்' என்று எழுதியிருந்தால் அவர் அந்தஸ்துள்ளவர். சாதாரண விவசாயி 'குட்மேன்'தான்.

மாசசூசெட்ஸ் விரிகுடாக் காலனியில் 1631 முதல் 'ஃப்ரீமேன்' (வாக்குரிமை பெற்ற குடிமகன்) ஆக வேண்டுமானால் தேவாலயச் சபை உறுப்பினராக இருக்க வேண்டும். அந்தப் பதிவு கிடைத்தால் ஆளுக்கு 21 வயது நிரம்பிவிட்டது என்று கொள்ளலாம். நீதிமன்ற வாக்குமூலத்தில் "சுமார் 60 வயது" என்று வந்தால் நான்கைந்து ஆண்டு முன்பின் இருக்கட்டும்.

எழுத்தும் பழக வேண்டும். நீள 'எஸ்' பார்ப்பதற்கு 'எஃப்' போல இருக்கும். சொல்லின் முதலில் இரண்டு சிறிய 'எஃப்' வந்தால் அது ஒரு பெரிய 'எஃப்'. 'யு'வும் 'வி'யும், 'ஐ'யும் 'ஜே'யும் இடம் மாறும். வில்லியம் 'டபிள்யூ–எம்' ஆகவும், ஜான் 'ஜே–என்–ஓ' ஆகவும் சுருங்குவார்கள். குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல் எழுத்தரின் காதைப் பொறுத்தது. ஒரே பத்திரத்தில் மூன்று விதமாக வரும். தேடும்போது உயிரெழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள்.

உயிலும் பத்திரமும்

வம்சாவளியின் முதுகெலும்பு இதுதான். பிறப்புப் பதிவு தொலைந்த குடும்பத்தையும் சொத்து காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். மாசசூசெட்ஸில் மாவட்டங்கள் பிரிந்தது 1643-இல். டெடம் நகரம் இன்று நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மாவட்டம் 1793-இல் உருவானது. ஆகவே அதற்கு முந்தைய டெடம் பத்திரங்கள் சஃபோக் மாவட்ட ஏடுகளில் இருக்கும். 1643-இல் உருவாகிப் பின்னர் கலைக்கப்பட்ட இன்னொரு நார்ஃபோக் மாவட்டமும் உண்டு. அது வடக்கே மெரிமாக் ஆற்றுப் பக்கம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெட்ஃபீல்ட் 1651-இல் டெடத்திலிருந்து பிரிந்தது. அங்கே குடும்பம் 'குடிபெயர்ந்தது' என்று எழுதும் முன், நகர எல்லை அவர்கள் வீட்டைத் தாண்டிப் போயிருக்குமோ என்று பாருங்கள். பிளிமத் தனிக் காலனியாக இருந்து 1690-களின் தொடக்கத்தில்தான் மாசசூசெட்ஸோடு சேர்ந்தது. மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி.

உயில் இருந்தால் அட்டவணையோடு நிற்காமல் கோப்பு முழுவதையும் எடுங்கள்: உயில், சொத்துப் பட்டியல், நிர்வாகியின் ஜாமீன் பத்திரம், கணக்கு, பாகப்பிரிவினை, ரசீதுகள். சொத்துப் பட்டியல் போட்ட இரண்டு மூன்று பேர் பெரும்பாலும் அண்டை வீட்டார் அல்லது உறவினர். உயில் எழுதாமல் இறந்தவரின் கோப்பு பல சமயம் உயிலைவிட மேல். உயிலில் எல்லாப் பிள்ளைகளும் வரவேண்டியதில்லை. கல்யாணத்தின்போதே பங்கு வாங்கிக்கொண்டவர் பெயர் விடுபட்டிருக்கும். அதை வைத்து ஒதுக்கிவிட்டார்கள் என்று கதை கட்ட வேண்டாம். உயில் இல்லாத பாகப்பிரிவினையில் எல்லா வாரிசுகளும் வந்தாக வேண்டும். 1641 சட்டத் தொகுப்பின்படி மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு: ஐந்து பிள்ளைகள் என்றால் சொத்து ஆறு பங்காகி, மூத்தவருக்கு இரண்டு. பங்கைக் கணக்கிட்டாலே மூத்தவர் யார், மொத்தம் எத்தனை பேர் என்று தெரியும். மகள்களின் பங்கை மருமகன்கள் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்ட ரசீதுகளில்தான் பெண்கள் யாருக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்பது கிடைக்கும்.

மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியன் நியமித்த கோப்பு வயதைச் சொல்லும். பையன் 14 வயதிலும் பெண் 12 வயதிலும் தானே கார்டியனைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குக் கீழே நீதிமன்றம் நியமிக்கும். 1672-இல் ஒரு பையன் தானாகத் தேர்ந்தெடுத்தால் அவன் 1651-க்கும் 1658-க்கும் இடையில் பிறந்தவன். கார்டியன் நியமித்தார்கள் என்பதால் தாய் இறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். தகப்பன் இறந்து சொத்து இருந்தாலே கார்டியன் வருவார்.

கிரயப் பத்திரங்களில் விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை இரண்டையும் பாருங்கள். ஆள் இறந்து முப்பது நாற்பது ஆண்டு வரை தேட வேண்டும். எழுதிய பத்திரத்தைத் தகராறு வந்த பிறகே பதிவு செய்தவர்கள் ஏராளம். கணவன் விற்றாலும் மனைவி தன் விதவை உரிமையான மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டிருப்பாள். வேறெங்கும் கிடைக்காத அவள் பெயர் அங்கே இருக்கும். செக்குபந்தியை வரி விடாமல் குறியுங்கள். வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த ஓடை என்ற விவரம்தான் அடுத்த சிக்கலுக்குத் திறவுகோல்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர்

ஜான், தாமஸ், வில்லியம் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களுக்குள்ளேயே ஊர் முழுக்க வாழ்ந்தது. ஒரு அட்டவணை போடுங்கள்: ஆண்டு, ஆவணம், ஊர், தொழில், மனைவி பெயர், பக்கத்து நிலத்துக்காரர், கையெழுத்தா கைநாட்டா. சந்தேகத்துக்குரிய எல்லா ஜான்களையும் அதில் போட்டு, ஒவ்வொருவரையும் பிறப்பு முதல் இறப்பு வரை பின்தொடருங்கள். நெசவாளி ஜானும் தச்சன் ஜானும் தாமாகவே பிரிந்து நிற்பார்கள். தேவையில்லாத ஜானை அவர் சாகும்வரை தொடர்ந்தால்தான் மிச்சமுள்ளவர் நம் ஆள் என்று சொல்ல முடியும். கைநாட்டில் ஒரு எச்சரிக்கை: வாழ்நாள் முழுக்கக் கையெழுத்திட்டவர் மரணப் படுக்கையில் உயிலுக்குக் கைநாட்டு வைத்திருக்கலாம்.

கப்பல்

எல்லாரும் முதலில் கேட்பது கப்பல் பெயரைத்தான். பெரும்பாலும் கிடைக்காது. வந்திறங்கும் பயணிகளின் பட்டியலை அமெரிக்க அரசு கேட்கத் தொடங்கியது 1820-இல். 1630-களுக்கு மிஞ்சியிருப்பது புறப்பட்ட துறைமுகங்களின் சில பட்டியல்கள். லண்டன் 1635 பதிவு அவற்றில் பெரியது. அதில் உங்கள் ஆள் பெயர் இருந்தால் வயதும், கூட வந்தவர்களும் பொருந்துகிறார்களா என்று பாருங்கள். பிளிமத்தில் குடியேறியவர்களின் கப்பலான மேஃபிளவரில் 1620-இல் வந்தவர்கள் 102 பேர். பாதிப்பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பிழைத்தவர்களின் முதல் ஐந்து தலைமுறையை மேஃபிளவர் வாரிசுகள் சங்கம் ஆவணங்களோடு அச்சிட்டிருக்கிறது. அந்தத் தொகுதிகளில் இல்லாத மேஃபிளவர் பந்தத்தை எச்சரிக்கையோடு அணுகுங்கள். எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையும் வரும். நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறந்தது 1892-இல்; 1630-களில் வந்தவருக்கு அந்தக் கதை பொருந்தாது.

கடலைத் தாண்டுவது

அமெரிக்கப் பக்கத்தில் கிடைப்பதையெல்லாம் தீர்த்த பிறகே இங்கிலாந்துக்குப் போங்கள். அங்கே பங்குப் பதிவேடுகள் (ஒவ்வொரு தேவாலய வட்டாரமும் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகள்) 1538 ஆணையால் தொடங்கின. 1598 முதல் ஆயருக்கு ஆண்டுதோறும் நகல் அனுப்பும் வழக்கம் உறுதியானதால், மூலம் தொலைந்தாலும் நகல் இருக்கலாம். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1640-களிலும் 50-களிலும், பல பங்குகளில் பெரிய ஓட்டை.

எந்த ஊரில் தேடுவது? ஆளை விட்டுவிட்டு அவருடைய கூட்டத்தைப் பாருங்கள். மாசசூசெட்ஸின் ஹிங்கம் நகரத்துக்குப் பலர் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலுள்ள ஹிங்கமிலிருந்து வந்தார்கள்; நகர எழுத்தர் டேனியல் குஷிங் யார் எப்போது வந்தார் என்று பட்டியலே எழுதி வைத்தார். நிலத்தில் பக்கத்து வீட்டுக்காரர், உயிலின் சாட்சி, மைத்துனன் இவர்களில் ஒருவருடைய சொந்த ஊர் தெரிந்தால் அதைச் சுற்றி ஐந்தாறு மைலுக்குள் தேடுங்கள்.

ஒரே பெயரில் ஞானஸ்நானம் ஒன்று கிடைத்தவுடன் கொண்டாட வேண்டாம். அந்தக் குழந்தை அடக்கம் செய்யப்பட்டதா, அந்த ஆள் 1635-க்குப் பிறகும் அதே ஊரில் பிள்ளை பெற்றாரா என்று பாருங்கள். மனைவி, மூத்த பிள்ளைகள் பெயர்கள் வரிசையாகப் பொருந்திப் பின் குடும்பமே பதிவேட்டிலிருந்து மறைந்தால் நம்பலாம். அதைவிட உறுதியானது, ஊரிலேயே தங்கிவிட்ட உறவினரின் உயிலில் "நியூ இங்கிலாந்திலுள்ள என் தம்பிக்கு" என்று வருவது. கேன்டர்பரி பேராயரின் சமய நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்ட உயில்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில். சிறிய சொத்துக்காரர்களின் உயில்கள் அந்தந்த மாவட்டக் காப்பகங்களில்.

மற்றக் காலனிகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. வர்ஜீனியாவில் ஒரு ஆளைக் கொண்டுவந்தவருக்கு 50 ஏக்கர் நிலம். அந்த உரிமை கைமாறி விற்கப்பட்டதால் பட்டாவின் ஆண்டு வந்த ஆண்டு ஆகாது. பல மாவட்ட ஏடுகள் 1865-இல் ரிச்மண்டில் எரிந்துபோயின. நியூயார்க் பகுதியின் டச்சுக் குடும்பங்களில், 1664-இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரையிலும் அதற்குப் பின்னும், நம் இனிஷியல் போலத் தகப்பன் பெயரே அடைமொழி. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும்.

மரபணுவும் போலிகளும்

பத்துத் தலைமுறைக்கு முந்தைய 1,024 மூதாதைகளில் ஒருவரிடமிருந்து சராசரியாக 0.1 சதவீத மரபணுதான் வரும். பலரிடமிருந்து எதுவுமே வராது. எனவே சாதாரணப் பரிசோதனை முதல் குடியேறியை நிரூபிக்காது. தகப்பன் வழியே மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோம் பரிசோதனை உதவலாம், அதுவும் ஆவணத்தோடு சேர்த்துத்தான்.

இணையக் குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் எடுங்கள். 55 வயதில் பிள்ளை பெற்ற தாய், பெற்றோர் பாஸ்டனில் இருக்க இங்கிலாந்தில் பிறந்த குழந்தை, திடீரென முளைக்கும் 'லேடி' பட்டம் எல்லாம் ஒட்டுவேலையின் அடையாளம். அச்சில் வந்ததாலும் நம்பிவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்தாவ் அஞ்சூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்குப் பிரபு வம்ச வரலாறு தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாக நடத்தினார்; அந்தப் போலிகள் இன்னும் மரங்களில் தொங்குகின்றன.

பிரபலமான பெயரோடு ஒட்டிக்கொள்ளும் ஆசைக்கு நல்ல உதாரணம், மதராஸ் ஆளுநராக இருந்தவரும், யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவருமான எலிஹு யேல். அவருடைய பாட்டி ஆன் லாயிட் முதல் கணவர் தாமஸ் யேல் இறந்தபின் தியோஃபிலஸ் ஈட்டனை மணந்து, 1637-இல் பிள்ளைகளோடு வந்தார். ஈட்டன் நியூ ஹேவனின் ஆளுநரானார். மாற்றாந்தந்தையின் பெயரில் தேடாதவருக்கு யேல் பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்பதே புரியாது. ஒரு மகன் டேவிட்டுக்குப் பாஸ்டனில் 1649-இல் பிறந்தவர்தான் எலிஹு. டேவிட் சில ஆண்டுகளில் இங்கிலாந்து திரும்பிவிட்டார். இன்னொரு மகன் தாமஸ் நியூ ஹேவனில் தங்கினார். அமெரிக்க யேல்கள் வழிவந்தது தாமஸிடமிருந்து. எலிஹுவின் மகன் டேவிட் மதராசில் குழந்தையாகவே இறந்தான். கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. திருமணத்தில் பிறந்த மற்ற பிள்ளைகள் பெண்கள். எனவே அமெரிக்காவில் யேல் என்ற குடும்பப் பெயரை மட்டும் வைத்து எலிஹுவின் நேர் வாரிசு என்று சொல்லிக்கொள்வது நிற்காது.

டேவிட் யேலைப் போல 1640, 50-களில் திரும்பிப் போனவர்கள் பலர். உங்கள் ஆள் இறப்புப் பதிவோ சொத்துக் கோப்போ இல்லாமல் மறைந்தால், அவர் நிலத்தை விற்ற பத்திரத்தையும் அதில் அதிகாரம் பெற்றுக் கையெழுத்திட்டவரையும் தேடிவிட்டு, இங்கிலாந்து உயில்களுக்குப் போங்கள். பிள்ளைகள் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குப் போயிருந்தால் மதராஸ் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எலிஹு யேலின் 1680 நவம்பர் திருமணம் போன்ற அதற்கு முந்தைய நிகழ்வுகளுக்குக் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தின் பதிவேட்டைத்தான் நாட வேண்டும்.